உடைசல் இல்லாத விபத்தை எப்படி விசாரிக்கிறார்கள்?

கேள்வி: விமானங்கள் மோதாமல் மயிரிழையில் தப்பினால், எதை வைத்துத் துப்பறிகிறார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: 2017 ஜூலை 7 நள்ளிரவு நெருங்கும் நேரம், சான் பிரான்சிஸ்கோ. 28 இடது, 28 வலது என்று அருகருகே இரண்டு ஓடுபாதைகள். 28 இடது மூடப்பட்டு, விளக்குகள் அணைந்திருந்தன. 28 வலதில் இறங்க வேண்டிய ஏர் கனடா ஏ320 விமானிகள் அதை 28 இடது என்று எண்ணி, பக்கத்து டாக்ஸிவேயை (விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் தரைப்பாதை) 28 வலது என்று நினைத்து அதை நோக்கி இறங்கினார்கள். அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன! ஏர் கனடா விமானம் சுமார் 60 அடி வரை தாழ்ந்த பிறகே மேலெழுந்தது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பறப்புத் தரவுப் பதிவு, ரேடார், கோபுர உரையாடல், விமான நிலையக் கேமரா எல்லாவற்றையும் நொடிவாரியாகப் பொருத்திப் பார்த்தது. ஓடுபாதை மூடல் அறிவிப்பு, விமானிகளிடம் தந்த 27 பக்கத் தாள்களில் 8-ஆம் பக்கத்தில் கிடந்தது. ஓடுபாதைக்கு நேராக வழிகாட்டும் ஐஎல்எஸ் என்ற ரேடியோ கருவியின் அலைவரிசையையும் அவர்கள் வைக்கவில்லை. தரை ரேடார் எச்சரிக்காததில் வியப்பில்லை. டாக்ஸிவேயில் இறங்குவதைக் கண்டுபிடிக்க அது வடிவமைக்கப்படவே இல்லை.

முக்கியச் சான்றான காக்பிட் குரல்பதிவு மட்டும் போய்விட்டது. கருவி இரண்டு மணி நேரமே சேமிக்கும். வாரியத்துக்குத் தகவல் போகுமுன் விமானம் மறுபடி பறந்து, பழைய பதிவு அழிந்தது. 25 மணி நேரப் பதிவை அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது 2024-இல்தான்.