பந்து பதில்கள்: பிரேசிலை முதலில் சந்தித்த சின்ன ஊர் அணி

சென்ற இதழில் எக்ஸிட்டர் சிட்டி என்ற இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இந்த வாரம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

பிரேசில் தேசிய அணியின் முதல் ஆட்டம் எக்ஸிட்டர் சிட்டியோடு நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் எல்லாம் இருக்க, எக்ஸிட்டர் எப்படி அங்கே போனது?
— வாசகர், திண்டுக்கல்

எக்ஸிட்டர், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் வட்டாரத்தில் இருக்கும் ஊர். 1914-ல் அந்தக் கிளப்புக்கு வயது பத்துதான். பெரிய கிளப்புகள் ஆடிய ஃபுட்பால் லீக்கில் அதற்கு இடமில்லை. தெற்கத்திக் கிளப்புகளுக்கென்று இருந்த சதர்ன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து அழைப்பு வந்தது, போக எக்ஸிட்டர் தயாராக இருந்தது. மேலாளர் ஆர்தர் சாட்விக் பதினைந்து வீரர்களோடு மே 22 அன்று சவுத்தாம்ப்டனில் 'ஆண்டிஸ்' கப்பலில் ஏறினார். ஜூன் 14-ல் புவனோஸ் அய்ரஸில் முதல் ஆட்டம், 1-0 என்று தோல்வி. மூன்று வாரம் கடலில் ஆடிவிட்டு வந்த கால்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? தரை பழகியதும் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி மூன்று ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. ஜூலை 18-ல் அங்கே வசித்த ஆங்கிலேயர்களை 3-0 என்று வென்றார்கள். மறுநாளே ரியோ அணியை 5-3 என்று வென்றார்கள். ஒரு நாள் ஓய்வு. 21-ம் தேதி செவ்வாய்க்கிழமை, லாரன்ஜெய்ராஸ் பகுதியில் ஃபுளுமினென்ஸ் கிளப்பின் மைதானத்தில் மூன்றாவது ஆட்டம்.

அன்று எதிரே வந்து நின்ற பதினொரு பேரில்தான் விஷயமே இருக்கிறது. ரியோவும் சாவ் பாவ்லோவும் தனித்தனி லீக் நடத்திக்கொண்டு, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் இருந்த காலம் அது. இரண்டு ஊரிலும் இருந்த நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, பிரேசில் என்ற பெயரில் ஒரே அணியாக அன்றைக்குத்தான் இறக்கினார்கள். கோலில் நின்ற மார்க்கோஸ் டி மென்டோன்சாவுக்கு வயது 19. முன்களத்தில் ஆர்தர் ஃப்ரீடன்ரைக்: அப்பா ஜெர்மன் வம்சாவளி, அம்மா கறுப்பினப் பெண். சட்டை வெள்ளை. நமக்குத் தெரிந்த மஞ்சள் சட்டை வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது.

ஓஸ்வால்டோ கோமஸ் முதல் கோலைப் போட்டார், ஓஸ்மான் இரண்டாவதைப் போட்டார். மோதலில் ஃப்ரீடன்ரைக்குக்கு இரண்டு பல் போயிற்று. அவர் திரும்ப வந்து ஆடினார். பிரேசில் 2, எக்ஸிட்டர் 0. ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் சம்பளம் வாங்காத அமெச்சூர்கள், தோற்றவர்கள் பந்து உதைத்துப் பிழைத்தவர்கள். நான்கு நாளில் மூன்றாவது ஆட்டம் என்பதால் எக்ஸிட்டர் களைத்திருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. களைத்திருந்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் முன்பு அதே கால்கள்தான் ரியோவுக்கு ஐந்து கோல் போட்டன. அன்றைக்குப் பிரேசில் நன்றாக ஆடி ஜெயித்தது என்பதே என் கருத்து.

இங்கிலாந்து கிளப்புகளில் கடல் தாண்டி முதலில் போனது எது?
— வாசகர், கும்பகோணம்

ஐரோப்பியக் கரைக்கு முதலில் போனது லண்டனின் கிளாப்டன். 1890-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் போய் 7-0 என்று ஜெயித்துவிட்டு வந்தது. நீண்ட கடல் பயணம் என்றால் 1897-ல் தென்னாப்பிரிக்கா போன கொரிந்தியன் அணியைச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவுக்குப் போன முதல் தொழில்முறைக் கிளப், 1904-ல் சவுத்தாம்ப்டன். அதன் பின்னால் 1905-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 1909-ல் எவர்ட்டனும் டாட்டன்ஹாமும், 1912-ல் ஸ்விண்டன் டவுன் என்று வரிசையாகப் போனார்கள்.

இவ்வளவு தூரம் போக யார் செலவு செய்தார்கள்? விளையாட்டு வீரர்களுக்கு இதில் என்ன லாபம்?
— வங்கி ஊழியர், ஈரோடு

அழைத்தவர்கள் பணம் கொடுத்தார்கள். புவனோஸ் அய்ரஸில் ரயில்வே, வங்கி, இறைச்சி ஏற்றுமதி என்று பிரிட்டிஷ் பணம் கொட்டிக் கிடந்தது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு ஊர் அணி ஆடுவதைப் பார்க்க ஆசை, அர்ஜென்டினாக்காரர்களுக்கோ தாங்கள் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று உரசிப் பார்க்க ஆசை. டிக்கெட் நன்றாக விற்றது.

வீரர்கள் பக்கம் பார்த்தால், 1901-ல் இங்கிலாந்தில் யாருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று விதி வந்தது, 1910-ல் அது 5 பவுண்டு வரை ஏறியது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அதுதான் உச்சம். மே முதல் ஆகஸ்ட் வரை ஆட்டமும் கிடையாது. அந்தச் சமயத்தில் சாப்பாடு, தங்கும் இடம், கப்பல் டிக்கெட் எல்லாம் கொடுத்து உலகத்தைப் பார்க்கக் கூட்டிப்போனால் யார் வேண்டாம் என்பார்கள்? எக்ஸிட்டர் பையன்கள் போகும் வழியில் சாந்தோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கடலில் குளிக்க இறங்கி, உள்ளூர் சட்டத்தை மீறியதாகப் போலீஸிடம் மாட்டிக்கொண்டார்கள். டெவன் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடலைக் கண்டால் கால் நிற்குமா?

சாவ் பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் என்ற பெயர் இங்கிலாந்துக் கிளப்பின் பெயரா? அப்படியானால் அந்த இங்கிலாந்துக் கிளப் இப்போது எங்கே?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ஆமாம், அங்கிருந்து வந்த பெயர்தான். லண்டனின் கொரிந்தியன் கிளப் 1882-ல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் காசு வாங்காமல் ஆடிய அணி. கனவான் வேண்டுமென்றே தவறு செய்யமாட்டான் என்பது அவர்கள் கொள்கை. அதனால் பெனால்டி என்ற விதியே தங்களுக்கு அவமானம் என்று நினைத்தார்கள். ஆட்டம் ஒன்றும் சளைத்ததில்லை. 1904-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை 11-3 என்று புரட்டி எடுத்தவர்கள்.

1910-ல் அவர்கள் பிரேசில் போனார்கள். ரியோவில் ஃபுளுமினென்ஸை 10-1 என்று வென்றுவிட்டு சாவ் பாவ்லோவுக்கு வந்தார்கள். அங்கே போம் ரெட்டிரோ என்ற தொழிலாளர் பேட்டையில் ஐந்து இளைஞர்கள் இந்த ஆட்டத்தில் மயங்கிப் போனார்கள். அவர்களில் பெயின்டர்களும் இருந்தார்கள், செருப்பு தைப்பவரும் இருந்தார். அந்த நகரத்தின் கிளப்புகள் அப்போது பணக்காரர்கள் கையில் இருந்தன. இவர்களை உள்ளே சேர்க்க ஆளில்லை. செப்டம்பர் 1 அன்று, தெருவிளக்கின் கீழே கூடி, தங்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்து அந்த அணியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். முதல் தலைவர் மிகேல் பட்டாலியா, ஒரு தையல்காரர். சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை உழைக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

லண்டன் கிளப், 1939-ல் கேஷுவல்ஸ் என்ற இன்னொரு கிளப்போடு சேர்ந்து கொரிந்தியன்-கேஷுவல்ஸ் ஆனது. லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் டோல்வொர்த்தில் சின்ன மைதானம். கீழ்மட்ட லீக்கில், சம்பளம் இல்லாமல் ஆடும் கொள்கையை விடாமல் இருக்கிறார்கள். 1988-ல் பிரேசிலின் கொரிந்தியன்ஸ்காரர்கள் அவர்களைச் சாவ் பாவ்லோவுக்கு அழைத்து ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர் சாக்ரட்டீஸ் முதலில் தன் பழைய கிளப்பான கொரிந்தியன்ஸுக்கு ஆடி, கடைசிச் சில நிமிடம் லண்டன்காரர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் ஆடினார். 2015 ஜனவரியில் மறுபடி அழைத்தார்கள். புதிய பெரிய ஸ்டேடியத்தில் 3-0 என்று தோற்றார்கள். அவரவர் வேலையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் கொடுத்த வரவேற்பை வீடியோவில் தேடிப் பாருங்கள்.

இந்தப் பயணங்களால் வேறு எந்தக் கிளப்பாவது பெயரோ நிறமோ எடுத்திருக்கிறதா?
— வாசகர், காரைக்கால்

அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டே. 1905-ல் வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் சிவப்புச் சட்டையைப் பார்த்துத்தான் தாங்களும் சிவப்புக்கு மாறினார்கள். சிலியில் எவர்ட்டன் என்றே ஒரு கிளப் இருக்கிறது: 1909-ல், எவர்ட்டன் தென் அமெரிக்கா வந்த வருஷம், வால்பராய்சோவில் ஆங்கிலேய வம்சாவளிப் பையன்கள் ஆரம்பித்தது. 2010-ல் இரண்டு எவர்ட்டனும் லிவர்பூலில் மோதின. மூத்தது 2-0 என்று ஜெயித்தது.

எக்ஸிட்டர் கோல்கீப்பர் ஒரு மீனவர், கிளி ஒன்றைக் கொண்டு வந்தார் என்று எங்கோ படித்தேன். கிளியை விடுங்கள், மீனவர் என்பது உண்மையா?
— வாசகர், தூத்தூர்

தூத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். உங்கள் கடற்கரையில் பந்து உதைக்காத குடும்பம் ஏது?

உண்மைதான். டிக் பிம், எக்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் டாப்ஷம் கிராமத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம். 1914 பயணத்தில் போனவர். 1921-ல் போல்ட்டன் வாண்டரர்ஸ் அவரை 5,000 பவுண்டுக்கு வாங்கியது; ஒரு கோல்கீப்பருக்கு அன்று அது பெரிய தொகை. வந்த பணம் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தை எக்ஸிட்டர் சொந்தமாக வாங்க உதவியது. அப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். 1923, 1926, 1929 என்று இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்று இறுதி ஆட்டங்களில் நின்றார். வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த முதல் இறுதி ஆட்டமும் அதில் ஒன்று. மூன்றிலும் போல்ட்டன் ஜெயித்தது. மூன்றிலும் சேர்த்து அவர் விட்ட கோல் ஒன்றுகூட இல்லை. ஆடி முடித்ததும் டாப்ஷம் திரும்பி மறுபடி வலை எடுத்தார். 95 வயது வரை இருந்தார்.

கிளியையும் சொல்லிவிடுகிறேன். பிம் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு கிளி கொண்டுவந்தார், அது செத்ததும் கோல் கம்பத்தருகே புதைத்தார்கள், அணி வரிசையாகத் தோற்றது, தோண்டி எடுத்த பிறகு ஜெயித்தது என்று எக்ஸிட்டரில் கதை உண்டு. டாட்டன்ஹாமும் ஒரு கிளிக் கதை வைத்திருக்கிறது: 1909-ல் திரும்பும் கப்பலில் பரிசாக வந்த கிளி, 1919-ல் முதல் டிவிஷனில் டாட்டன்ஹாமின் இடம் எதிரிக் கிளப்பான ஆர்சனலுக்குப் போன அன்று செத்ததாம். ஊர்க்கதைகள்தான். அவை வேறு மாதிரி நடந்தன என்று எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம்.

அந்த ஆட்டம் முடிந்த இரண்டே வாரத்தில் உலகப்போர். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

சேர்ந்தார்கள். நடுக்கடலில் இருக்கும்போதே போர் மூண்டுவிட்டது. அதே சமயம் எதிர்த்திசையில் கொரிந்தியன் அணி பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர்ச் செய்தி கேட்டதும் ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். அந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் பலர் போர்முனையிலிருந்து வரவேயில்லை. கிளப் அதற்கப்புறம் பழைய பலத்துக்கு வரவும் இல்லை.

இந்தியப் பக்கம் ஏதாவது கிளப் வந்ததுண்டா?
— வாசகர், வேலூர்

கொஞ்சம் பிந்தி வந்தது. லண்டனின் இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ், 1937-38-ல் உலகத்தையே சுற்றியது. எகிப்து, இந்தியா, பர்மா, மலாயா, சீனா, ஜப்பான், அமெரிக்கா, கனடா என்று 95 ஆட்டங்கள், தோற்றது 8. இந்தியாவில் அவர்களை வென்றது டாக்கா மட்டும், 1937 நவம்பரில், 1-0. கோல் போட்டவர் பாக்கி சென். டாக்காவில் அந்தப் பெயர் இன்னும் பேசப்படுகிறது. நாம் அவ்வளவு சீக்கிரம் மறந்தது எனக்கு வருத்தம்.

என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அடுத்த மாதம் சாந்தோஸ், ரியோ போகிறது. ஒரு நாள் லீவு கிடைத்தால் எதைப் பார்க்கச் சொல்லலாம்?
— வாசகி, தூத்துக்குடி

சாந்தோஸில் பெலே மியூசியம் இருக்கிறது. அது போதும் அங்கே. சாவ் பாவ்லோ வரை போக நேரமிருந்தால் பக்கயெம்பு ஸ்டேடியத்துக்குள்ளேயே கால்பந்து மியூசியம் வைத்திருக்கிறார்கள். போம் ரெட்டிரோவில் ஜோசே பாவ்லினோ தெருவையும் ஒரு நடை நடக்கட்டும். துணிக்கடைத் தெரு, அம்மாவுக்கு ஏதாவது வாங்கவும் ஆகும். கொரிந்தியன்ஸ் பிறந்த இடம் அதுதான்.

ரியோவில் எல்லாரும் மரக்கானா ஸ்டேடியத்துக்கு இழுப்பார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் லாரன்ஜெய்ராஸ் போகச் சொல்லுங்கள். ஃபுளுமினென்ஸின் பழைய மைதானம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 2014-ல், நூறாவது வருஷத்தில், எக்ஸிட்டர் சிட்டி மறுபடி போய் அதே இடத்தில் ஃபுளுமினென்ஸின் இளைஞர் அணியோடு ஆடி 0-0 என்று முடித்தது. உள்ளே விடுவார்களா என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்பட்டும், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.