தினசரிப் பட்டியல் போட்டும் எனக்கென்று நேரம் கிடைப்பதில்லை. வாராந்திரத் திட்டம் உதவுமா?

உதவும். ஆனால் அதே பட்டியலை ஏழு நாளுக்கு இழுத்து எழுதினால் பயன் இல்லை. வேலைகளை எழுதும் முன் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போக மீதி 112. வேலையும் போக வரவும் சேர்த்து 58 என்று வைத்துக்கொள்வோம். சமையல், சாப்பாடு, குளியல், வீட்டு வேலைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி, ஆக 21. மிஞ்சுவது 33. கைக்குழந்தை இருந்தால், அல்லது உடம்பு முடியாத பெரியவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தால், இதில் பாதிகூடத் தேறாது. அப்படி இருப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை, அவர்களிடம் நேரமே இல்லை. இதைக் கணக்கு போட்டுப் பார்த்தாலே வீண் குற்ற உணர்ச்சி பாதி குறையும்.

மிஞ்சிய நேரம் முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். நான் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் திட்டம் போடுவேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. உங்கள் பட்டியலில் தினமும் வேலை மிச்சமாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம், 'உடற்பயிற்சி' என்று மொட்டையாக எழுதாமல் 'செவ்வாய் காலை 6 மணி, நடை' என்று எழுதுங்கள். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்த காரியம் நடந்தேற வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்.

தினசரித் திட்டத்தில் செவ்வாய்க்கிழமை நடை தவறினால் அன்று இரவே தோற்றுப்போன உணர்வு வந்துவிடும். வாரக் கணக்கில் அது வியாழனுக்கு நகரும், அவ்வளவுதான். அதற்காகவே ஒரு மாலையை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். எனக்கு வாராந்திர முறை பிடித்துப்போனதே இந்தத் தாராளத்தால்தான்.

வார இறுதியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தாளோ, ஆப்போ, எது கைக்கு வசதியோ அது. முறை மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் புது ஷிப்ட் அட்டவணை வந்த அன்றே போட்டுக்கொள்ளலாம். மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே போகும் வேலையைச் சின்னதாக உடையுங்கள், அப்படியும் நகரவில்லையென்றால் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். முக்கியமாக, உங்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். தெரியாவிட்டால் அந்த நேரத்தில்தான் உங்களைக் கூப்பிடுவார்கள், அதில் அவர்கள் தப்பும் இல்லை.