இலட்சிய உலகக் கற்பனை எப்படி ஒடுக்குமுறைக்குத் துணைபோகிறது?

குறையே இல்லாத சமூகத்தை மனத்தில் வரைந்து பார்ப்பதுதான் இலட்சிய உலகக் கற்பனை. வரைபவர் தன்னை உறுத்துவதை மட்டும் நீக்குவார். தனக்கு இயல்பாகத் தெரிவது அப்படியே உள்ளே வந்துவிடும். சமைத்தறியாதவர் போட்ட வீட்டு வரைபடத்தில் கூடம் விசாலமாகவும் அடுக்களை மூச்சுமுட்டவும் இருக்குமே, அதுபோல.

ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட ‘யுட்டோப்பியா’ நூல் வரையும் கற்பனைத் தீவு நாட்டில் தனிச்சொத்து கிடையாது, தினம் 6 மணி நேர வேலைதான். ஆனால் அடிமைகள் உண்டு, அதுவும் தங்கச் சங்கிலியில்! மாதக் கடைசித் திருநாளில் மனைவி கணவன் காலில் விழுந்து தன் தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுக் காரியங்களை அவைக்கு வெளியே கூடி ஆலோசித்தால் மரண தண்டனை. எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்லும் நாட்டில் குறை சொல்பவர்தானே குற்றவாளி?

கனவு காண்பதே தவறு என்று இதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; அந்த உலகில் குப்பை அள்ளுவது யார், அதை முடிவு செய்தது யார் என்பதே இங்குள்ள கேள்வி.