மனநோய்க்கு மருந்து சாப்பிடச் சொல்லி அமெரிக்காவில் கோர்ட் உத்தரவு போடுமா? மறுத்தால் அண்ணனுக்கு ஜெயிலா?

போடும். ஜெயில் கிடையாது. ஆனால் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம். எனக்குத் தெரிந்தது நியூயார்க் மட்டும்தான், அதுவும் என் தம்பியால் தெரிந்தது.

இங்கே இதற்குக் கேந்திரா சட்டம் என்று பெயர். 1999 ஜனவரியில் மன்ஹாட்டன் 23ஆவது தெரு ஸ்டேஷனில் கேந்திரா வெப்டேல் என்ற பெண்ணை, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் இருந்த ஆண்ட்ரூ கோல்ட்ஸ்டீன் ரயில் முன்னால் தள்ளிவிட்டார். அந்த ஆண்டே சட்டம் வந்துவிட்டது. கோல்ட்ஸ்டீன் மாத்திரையை விட்டிருந்தார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் உதவி கேட்டு அவராகவே பல தடவை மருத்துவமனைக்குப் போயிருக்கிறார், சில நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

சரி, யாருக்கு உத்தரவு? 18 வயது ஆகியிருக்க வேண்டும். மருந்தை விட்டதால் 36 மாதத்துக்குள் இரண்டு தடவையாவது மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது 48 மாதத்துக்குள் தனக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து விளைவிக்கப் பார்த்திருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களே மனு போடலாம், நான் போட்டேன். டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும், எதிர்த்து வாதாட நோயாளிக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. உத்தரவை மீறினால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் 72 மணி நேரம் வரை வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த உத்தரவைக் காட்டி வலுக்கட்டாயமாக ஊசி போட முடியாது.

எங்களுக்கு அதனால் கிடைத்தது ஒரு ஆள். அதுவரை ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் ஃபோன் நம்பர் எழுதின சீட்டு ஒன்று தருவார்கள், கூப்பிட்டால் ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். உத்தரவுக்கு அப்புறம் கேஸ் மேனேஜர் அம்மா ஒருவர் வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்தார், ஏனென்றால் சிகிச்சைத் திட்டத்தில் எழுதியதைச் செய்து தர நகர நிர்வாகமும் கட்டுப்பட்டது. தம்பி கதவைத் திறக்காத நாட்களில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, மூடின கதவைப் பார்த்தே பேஸ்பால் ஸ்கோர் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம் திறந்தான். அவர் வராமல் தாள் மட்டும் வந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒன்றும் மாறியிருக்காது.

மனு போடுவதாக இருந்தால் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. கோர்ட் தாள் கைக்கு வந்த அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. "அக்கா, என் மேலயே கேஸ் போட்டியா?" என்று கேட்டவன் அப்புறம் இரண்டு மாதம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. சிகிச்சைத் திட்டம் எழுதும்போது அண்ணனையும் கூட உட்கார வையுங்கள், சட்டமே அதற்கு இடம் தருகிறது. காலையில் ஊசி போட்டால் நாள் முழுக்கத் தூக்கமாக இருக்கிறது, சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான், மாற்றிக் கொடுத்தார்கள்.