இன்ஜின் வேலை என்று சொல்லி விலை குறைந்த 407: எடுக்கலாமா?

வணக்கம் அண்ணா,

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்க ஒரு பழைய டாடா 407 தேடிக்கொண்டிருக்கிறேன். 2014 மாடல், பிஎஸ்3 (பழைய புகை விதி) வண்டி ஒன்று பக்கத்து ஊரில் நிற்கிறது. இங்கே ஓடும் விலையைவிட ஒன்றரை லட்சம் குறைத்துச் சொல்கிறார்கள். காரணத்தை மறைக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. லோடு ஏற்றினால் இழுவை இல்லை, கருப்பாகப் புகைகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை தள்ளுகிறது. ரிவர்ஸ் கியர் கரகரவென்ற சத்தத்தோடுதான் விழுகிறது. பின்பக்கம் இடதில் சாய்ந்து நிற்கிறது. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கூட வந்த மெக்கானிக் “இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டையும் இறக்கணும், விட்டுடுங்க” என்கிறார். என் கையிருப்புக்கு வேறு வண்டி அமையாது. எடுக்கலாமா?

எஸ்.எம்., தாராபுரம்

வணக்கம் தம்பி,

நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூட, அதை மட்டும் வைத்துப் பார்த்தால், இன்ஜினோ கியர்பாக்ஸோ போய்விட்டது என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாயில் முடிகிற காரணமும் உண்டு, லட்சத்தைத் தொடுகிற காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைகள் இருக்கின்றன. ஸ்பேனர், வோல்ட் மீட்டர், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாய், அளவு டேப், ஒரு ஜாக்கி போதும். அவற்றைச் செய்து பார்க்காமல் எடுக்காதீர்கள். செய்து பார்க்காமல் விட்டுவிடவும் வேண்டாம்.

விலை ஏன் இப்படி இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். கடனுக்கு டியூ கட்டுகிற ஓனருக்கு வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது. காரணம் தேடி மூன்று நாள் நிறுத்திவைக்க அவரால் முடியாது. வாங்க வருகிறவரும் மறுநாளே லோடு ஏற்ற வேண்டியவர். அதனால் என்னவென்று உறுதியாகத் தெரியாத குறைக்கு, இருப்பதிலேயே பெரிய செலவைத்தான் எல்லோரும் விலையில் கழிப்பார்கள். உங்கள் மெக்கானிக் சொன்னதும் அதே கணக்கில்தான். நாளைக்கு உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், பெரியதைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு.

முதலில், வண்டியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றிவிட்டார்கள். அன்றைக்குத் திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஓனரிடம் கேட்டுக்கொண்டு ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) டிரெயின் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, இரவில் அடியில் தங்கிவிடும். முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீர் வந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் ஆயில் மூடியின் உட்புறம் லேசாக வெண்ணெய் மாதிரிப் படிந்திருப்பது வேறு, அது காற்றின் ஈரம்.

ஸ்டார்ட் ஆக நேரமாவதில் இரண்டு வகை உண்டு. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, ஒயர் பக்கம் பாருங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. இந்த ஒரு ஒயரால் “இன்ஜின் டைட்டா இருக்கு” என்று பேர் வாங்கிய வண்டிகள் பல.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் லைன் ஏர் எடுக்கிறது. இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும், காலையில் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். டீசலை ஏற்றும் கை பம்ப்பை இருபது முப்பது முறை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் கம்ப்ரஷனில் குறையில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி. எங்கே ஏர் எடுக்கிறது என்று பார்க்க, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே அந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள், குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஃபில்டர் மூடியின் ரப்பர் ரிங், பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய வாஷரையே திருப்பிப் போட்டு இறுக்குவதுதான் இது திரும்பத் திரும்ப வரக் காரணம். இதெல்லாம் சரியாக இருந்தும் காலையில் மட்டும் திணறினால் டேப்பெட் (வால்வு) இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருப்புப் புகை என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி நின்ற இடத்திலேயே ரேஸ் செய்து பாருங்கள் (ஃபில்டர் இல்லாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது, தூசி சிலிண்டர் லைனரைத் தேய்த்துவிடும்). புகை குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இதன் அடிப்பக்க வெடிப்பு கண்ணில் படாது, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். லோடில் மட்டும் இழுவை போகிறது, காலியாக ஓட்டினால் நன்றாக இருக்கிறது, ஏற்றத்தில் “உஸ்” என்று சத்தம் வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அதற்கடுத்தது நாசில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் பாகம். ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் துடித்து வேகம் குறையும். குறையவில்லை என்றால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். குறையும் கூடவே இடம் மாறினால் பம்ப் கடையில் நாசில் மாற்றினால் போதும். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் வால்வு, பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: பம்ப்பிலிருந்து நாசிலுக்கு நான்கு பைப்பும் தனித்தனியாகப் போகின்றனவா என்று முதலில் பாருங்கள். நடுவில் ஒரு தடித்த ரெயில் இருந்தால் அது காமன் ரெயில் இன்ஜின். ஓடும்போது அதன் நட்டில் கை வைக்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

இனி ஆயில் மூடிப் புகை. பட்டறைகளில் “பேக் கம்ப்ரஷன்” என்பார்கள். உங்கள் மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொன்னது இதைப் பார்த்துத்தான் இருக்கும். நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலில், மூடியைக் கழற்றி அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் வயதுக்குரிய தேய்மானம். தூக்கி எறிந்தால் அழுத்தம் அதிகம். ஆனால் அழுத்தம் அதிகம் என்பதாலேயே ரிங் போய்விட்டது என்று ஆகிவிடாது.

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பிரீதர் குழாய், அதாவது இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் குழாய். உள்ளே ஆயில் கசடு கெட்டிப்பட்டு அடைத்திருந்தால் நல்ல இன்ஜினும் மூடியைத் தள்ளும், எல்லா சீலிலும் ஆயில் கசியும். கழற்றி ஊதிப் பாருங்கள். இரண்டாவது, பிரேக்குக்கான வேக்கம் பம்ப். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் தான் இழுக்கும் காற்றை ஆயிலோடு சேர்த்து சம்ப்புக்குள்தான் விடுகிறது. பிரேக் பூஸ்டரோ வேக்கம் ஹோஸோ ஓட்டையாக இருந்தால் வெளிக்காற்று நிற்காமல் இன்ஜினுக்குள் போய்க்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு ரிங் போனது போலவே தெரியும். வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பம்ப் பக்கம் வேக்கம் ஹோஸைக் கழற்றி, பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மூடியைப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பிரேக் பெடலும் கட்டையாக இருந்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஹோஸைத் திரும்ப மாட்டாமல் வண்டியை நகர்த்தாதீர்கள், பிரேக் பிடிக்காது. மூன்றாவது, டர்போ. டர்போ தேய்ந்தாலும் அழுத்தம் சம்ப்புக்கு வரும். இன்ஜினை அணைத்துவிட்டு டர்போவின் வாயில் விரலை விட்டுத் தண்டை ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், முன்பின்னாக நகரக்கூடாது, இறக்கை சுவரில் உரசக்கூடாது.

மூன்றும் சரியாக இருந்து, மூடியும் எறிந்து, நீலப் புகையும் வந்தால் மெக்கானிக் சொன்னது சரி. முழு வேலை லட்சத்தைத் தொடும், அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ரிவர்ஸ் விஷயம் எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுந்தால் பெட்டிக்குள் தடங்கல் இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் கிளட்சை முழுதாக அழுத்தி ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அவசரமாகப் போட்டால் புது வண்டியிலும் கரகரக்கும். பொறுத்துப் போட்டும் கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை இரண்டு முறை அடித்துவிட்டுப் போடுங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் லைனில் ஏர், அல்லது கிளட்ச் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. கீழே உள்ள சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரியும். கிட் சில நூறு ரூபாய்தான்.

சத்தத்தையும் கேளுங்கள். கிளட்சை அழுத்தும்போது வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங். அழுத்தினால் நின்றுபோகிற சத்தம் கியர்பாக்ஸின் முன் பேரிங், அதற்குத்தான் பயப்பட வேண்டும். ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்லாமல் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயின்ட் க்ராஸ், சென்டர் பேரிங் பக்கம் போங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டியவர்கள் குறி பார்க்காமல் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், எத்தனை புது க்ராஸ் போட்டாலும் அதிர்வு போகாது.

இடப்பக்கச் சாய்வை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஸ்பிரிங் பட்டை ஒன்று ஒடிந்திருந்தால் அரை நாள் வேலை. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருந்தாலும் சின்ன வேலைதான். சேஸிஸ் வளைந்திருந்தால் அது வேறு கதை. சமதளத்தில், ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் சென்டர் போல்ட்டைப் பாருங்கள். போல்ட் நன்றாக இருந்தும் வித்தியாசம் இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். கேபினுக்குப் பின்னாலும் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்திலும் சேஸிஸில் வெல்டிங் தழும்போ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தாலும் அப்படியே. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டால் முதல் லோடு ஓடி வந்ததும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.

யாரும் குறையாகச் சொல்லாத ஒன்றையும் பாருங்கள்: டயர். ஆறு டயரும் ஸ்டெப்னியும் மொட்டையாக இருந்தால், மேலே சொன்ன எல்லாச் சின்ன வேலைகளையும் சேர்த்த செலவைவிட அதுவே அதிகம். முன் டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி).

விலை பேசும்போது, சோதித்து உறுதியானதற்கு உண்மைச் செலவைக் கழியுங்கள். ஓனர் சோதிக்க விடாததற்கு முழுச் செலவையும் கழியுங்கள். இதில் தயவு காட்ட வேண்டாம்.

காகிதத்துக்கு வருகிறேன். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும். முடிந்து நான்கு மாதம் என்றால் காலாண்டு வரி, இன்சூரன்ஸ், பர்மிட் ஆகியவையும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நான்கின் தேதியையும் பாருங்கள், இ-செலான் பாக்கியையும் பாருங்கள். எஃப்சிக்கு ஸ்பீடு கவர்னர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், எல்லா விளக்கும் வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கும் ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பன்னிரண்டு வருடம் தாண்டிய இரண்டு ஆக்சில் வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது. 2014 மாடல் அந்த வரம்பில்தான் நிற்கிறது.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் உள்ள கடன் பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கையெழுத்திட்ட படிவம் 35ம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சேஸிஸ் எண்ணை ஆர்.சி. பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவு எடுத்துக்கொள்ளுங்கள், அரத்தால் ராவிய இடம் அதில் தெரிந்துவிடும். வண்டி கைமாறும் தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று வேண்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். செத்திருந்தால், புது பாலிசி எடுக்காமல் வண்டியை அந்த இடத்தைவிட்டு ஓட்டி வராதீர்கள்.