படகு தன் தவணையைத் தானே கட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 51. நியூ ஜெர்சியில் மென்பொருள் துறையில் வேலை. வீட்டின் இன்றைய மதிப்பு சுமார் 7.8 லட்சம் டாலர். வீட்டுக் கடனில் 2.1 லட்சம் பாக்கி. டாம்பாவில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் 45 அடி கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு) ஒன்றை 7 லட்சம் டாலருக்கு வாங்கி, அங்குள்ள வாடகைப் படகு நிறுவனத்திடமே ஐந்து வருடம் ஒப்படைக்கலாம் என்கிறார். நிறுவனம் விலையில் 8 சதவீதத்தை ஆண்டுதோறும் உறுதியாகத் தருமாம். பராமரிப்பும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு. வருடத்துக்கு ஆறு வாரம் நாங்கள் பயன்படுத்தலாம். முன்பணம் 1.4 லட்சத்தை என் ஹெலாக்கிலிருந்து (வீட்டை அடமானமாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு) எடுக்க வேண்டும். மீதி 5.6 லட்சம், 7.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன். அவருடைய கடன் மதிப்பெண் குறைவு என்பதால் கடன் என் பெயரில் இருக்கும். லாபத்தில் இருவருக்கும் பாதிப்பாதி. ஹெலாக் வரம்பு 2.5 லட்சம், அதில் அவர் கோவையில் வாங்கிய மனைக்காக 35,000, ஓர் அடுக்குமாடித் திட்டப் பங்குக்காக 25,000 ஏற்கெனவே எடுத்திருக்கிறேன். மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள். மாத முடிவுக்குள் 10,000 டாலர் முன்பதிவுத் தொகை கட்ட வேண்டும். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். படகைப் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த ஹெலாக்தான். மனைக்கு அதிலிருந்து எடுத்தீர்கள், அடுக்குமாடிப் பங்குக்கு அதிலிருந்து எடுத்தீர்கள், இப்போது படகுக்கும் அதிலிருந்தே எடுக்கப் போகிறீர்கள். பல வருடம் தவணை கட்டிச் சேர்த்த வீட்டு மதிப்பை, யார் வந்து கேட்டாலும் திறந்து கொடுக்கும் பணப்பெட்டியாக மாற்றிவிட்டீர்கள். வீடுதான் அதற்கு அடமானம் என்பதை மறக்க, ஹெலாக்கோடு வங்கி தரும் காசோலைப் புத்தகம் மிகவும் வசதியாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு மோசடி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள டோர்ட்டோலா தீவில் 1969இல் மூரிங்ஸ் என்ற வாடகைப் படகு நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து இத்தொழில் வளர்ந்திருக்கிறது. ரொக்கமாக வாங்கி, வருடத்தில் பல வாரம் உண்மையிலேயே கடலில் கழிப்பவர்கள், செலவு என்று தெரிந்தே இதில் சேர்ந்து திருப்தியாக இருக்கிறார்கள். ஆனால் நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்று பாருங்கள்: தன் முதலைப் போடாமலே அதற்குப் புதிய படகுகள் கிடைக்கின்றன, ஐந்து வருடத் தேய்மானம் முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது. 8 சதவீதம் என்பது அந்தத் தேய்மானத்துக்கான ஈடு. அதை வட்டி வருமானம்போல உங்கள் மைத்துனர் பேசுவதில்தான் கணக்கு பிசகுகிறது.

விலையில் 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 56,000, மாதம் ஏறக்குறைய 4,670 டாலர். 5.6 லட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 4,510. “படகே தன் தவணையைக் கட்டிக்கொள்ளும்” என்று அவர் சொல்வது இந்த அளவில் சரிதான், மாதம் 160 டாலர் மிஞ்சக்கூடச் செய்யும். ஆனால் ஹெலாக்கில் எடுக்கும் 1.4 லட்சத்துக்கு, இன்று 8 சதவீதம் என்று வைத்தாலே, வட்டி மட்டும் மாதம் 930 டாலர்; அது மாறும் வட்டி, உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது ஐந்தாம் வருட முடிவுக்கு வாருங்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம், கடன் இருபது வருடம். இந்த இரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள பதினைந்து வருடப் பள்ளத்தை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. அறுபது தவணை கட்டிய பிறகும் கடன் பாக்கி ஏறக்குறைய 4.87 லட்சம் இருக்கும், ஏனென்றால் தொடக்க வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. வாரத்துக்கு வாரம் புதிய ஆட்கள் ஓட்டிய படகுக்கு வாங்கிய விலையில் 60 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம்: 4.2 லட்சம். தரகு 10 சதவீதம் 42,000, விற்பதற்கு முன் இயந்திரம், பாய், உட்புறம் இவற்றைச் சீர்படுத்த ஒரு 20,000 கழித்தால் கையில் 3.58 லட்சம். கடனை அடைக்கவே 1.29 லட்சம் போதவில்லை. அதோடு ஹெலாக் அசல் 1.4 லட்சம், ஐந்து வருட வட்டி 56,000 சேர்த்து, மாதாமாதம் மிஞ்சிய சுமார் 9,400ஐக் கழித்துக்கொண்டால், மொத்த இழப்பு ஏறக்குறைய 3.15 லட்சம் டாலர். விலை 70 சதவீதம் கிடைத்தாலும் இரண்டரை லட்சம் போய்விடும். விற்காமல் வைத்துக்கொள்ளலாம் என்றால், 4,510 தவணை தொடரும், எதிரே வருமானம் இருக்காது. நிறுத்துமிடம், காப்பீடு, பராமரிப்பு எல்லாம் உங்கள் கணக்குக்கு வரும். டாம்பாவுக்குக் கொண்டுபோனால் அமெரிக்க இறக்குமதித் தீர்வையும் புளோரிடாவின் பயன்பாட்டு வரியும் உண்டு. பின்னதற்கு உச்சவரம்பே 18,000 டாலர்.

ஆறு வாரம் இலவசம் என்கிறீர்கள். வேலையில் இருக்கும் உங்களால் வருடத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் போக முடியாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள் உரிமையாளருக்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. ஐந்து வருடத்தில் பத்து வாரம். அதே அளவுப் படகை வாரம் 9,000 கொடுத்து வாடகைக்கு எடுத்தால் மொத்தம் 90,000. கூட வரும் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் உங்கள் பங்கு அதில் பாதிகூட வராது.

வரிச் சலுகை என்ற பேச்சும் வரும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கும் தொழில் சொத்துகளுக்கு முதல் வருடமே நூறு சதவீதத் தேய்மானம் கழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே பயன்படும் சொத்துக்குப் பொதுவாக அது கிடைக்காது, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் அமெரிக்கா அல்ல. எல்லா வேலையையும் நிறுவனம் பார்க்கும்போது, நீங்கள் அத்தொழிலில் கணிசமாக ஈடுபடுகிறீர்கள் என்று காட்டுவதும் கடினம். காட்டாவிட்டால் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. படுக்கை, அடுப்படி, கழிப்பறை உள்ள படகு வரிச் சட்டத்தில் வீடு போலவே கருதப்படும். வருடத்தில் 14 நாள், அல்லது வாடகைக்குப் போன நாட்களில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டி நீங்கள் தங்கினால் கழிவுகள் இன்னும் சுருங்கும். ஆறு வாரம் என்பது 42 நாள். இதற்கு மாறாக யாராவது சொன்னால், உங்கள் சொந்தக் கணக்காளரிடம் எழுத்தில் வாங்குங்கள். படகு விற்பவர் காட்டும் தாளை நம்ப வேண்டாம்.

“உறுதியான வருமானம்” என்பது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே, வங்கி வைப்புக்கு உள்ளதைப் போன்ற அரசுக் காப்புறுதி அதற்குக் கிடையாது. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் அந்தத் தீவுகளைத் தாக்கியபோது, பாதுகாப்பான இடம் என்று பராக்கீட்டா விரிகுடாவில் கட்டிவைத்த வாடகைப் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து நொறுங்கின. 2020 மார்ச்சில் மூடிய எல்லை டிசம்பரில்தான் பயணிகளுக்குத் திறந்தது. அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் நிறுவனம் தவணைப் பணத்தை நிறுத்தினாலும் உங்கள் இரண்டு கடன்களும் நிற்காது.

இனி மைத்துனர் விஷயம். லாபத்தில் பாதி அவருக்கு, கடனில் அவர் பெயர் இல்லை என்பது கூட்டு முயற்சி ஆகாது. அவருக்குக் கடன் தர வங்கி தயங்குகிறது என்றால், அவருடைய வரவு செலவைப் பார்த்துத்தான் தயங்குகிறது. அந்த வங்கி ஏற்க மறுத்த ஆபத்தைத்தான் நீங்கள் உங்கள் வீட்டை வைத்து ஏற்கிறீர்கள். “மச்சான், முன்பணத்தில் பாதியை நீங்களும் போட்டு, கடனிலும் சேர்ந்து கையெழுத்திட்டால் அப்போது பேசுவோம், ஹெலாக்கிலிருந்து இனி எடுப்பதில்லை என்று நானும் உங்கள் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். மனைவியைக் கலந்து, அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்வது முக்கியம். நீங்கள் தனியாக மறுத்தால் அது இரு குடும்பத்துப் பிணக்காக மாறிவிடும். கோவை மனைக்கான 35,000 எப்போது திரும்பும் என்பதையும் அதே பேச்சில் கேளுங்கள். விற்றுத் தருகிறாரா, மாதத் தவணையாகத் தருகிறாரா என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். இந்தக் கேள்வியை இத்தனை நாள் கேட்காமல் விட்டதால்தான் அவர் அடுத்ததாகப் படகோடு வந்திருக்கிறார்.

நாளைக்கே வங்கிக்கு எழுதி ஹெலாக் வரம்பை 2.5 லட்சத்திலிருந்து இப்போதைய பாக்கியான 60,000க்குக் குறைக்கச் சொல்லுங்கள். படகு வட்டிக்குப் போயிருக்கும் 930ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மாதம் 2,000 டாலர் கட்டினால், மகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் பாக்கி 18,500க்கு வந்துவிடும், அதற்குப் பின் பத்து மாதத்தில் தீரும். கடலில் போகும் ஆசை உங்களுக்கு உண்மையாகவே இருப்பது கடிதத்தில் தெரிகிறது. வரும் மே மாதம், விடுமுறைக் கால உச்ச விலை இறங்கிய பிறகு, டோர்ட்டோலாவில் ஒரு வாரத்துக்கு ஒரு படகை வாடகைக்கு எடுங்கள், மைத்துனர் குடும்பத்தையும் அழைத்துச் செல்லுங்கள், வாடகையைப் பாதிப்பாதியாகப் புறப்படும் முன்பே பிரித்துக் கட்டிவிடுங்கள்.