ஏற்காட்டுல ஹோஸ்டா ஏன் சிறுத்துக்கிட்டே போகுது?

ஏற்காடு நாகலூர் பக்கம் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: சில்வர் ஓக் மர நிழல்ல, இலை அழகுக்காகவே வளக்கிற ஹோஸ்டா செடியில வெள்ளை ஓரம் போட்ட பேட்ரியாட் ரகத்தை வச்சாங்களாம், முதல் வருசம் இலை தட்டு மாதிரி விரிஞ்சுது, இப்ப உள்ளங்கை அளவுகூட இல்ல, என்ன உரம் போடலாம்னு.

உரத்தால இது சரியாகாதுங்க அக்கா. ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி, குளிர் காலத்துல இலையெல்லாம் காஞ்சு வேர்க்கட்டை மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும், சுமாரா 5 டிகிரிக்குக் கீழ 600, 700 மணி நேரமாவது கிடைச்சாதான் அடுத்த துளிர் திடமா வரும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம்தான், மார்கழியில நமக்கு ஸ்வெட்டர் வேணும்தான், ஆனா அந்தக் குளிர் ஹோஸ்டாவுக்குப் பத்தாது. முதல் வருசம் நல்லா வந்தது அநேகமா நர்சரியிலயே குளிர் பட்டுட்டு வந்ததால.

அதனால குளிரை நாமதான் கொடுக்கணும். கார்த்திகை கடைசியில தண்ணியைக் கொறச்சுக்கிட்டே வாங்க, இலை மஞ்சளானதும் வெட்டிட்டு வேர்க்கட்டையைத் தோண்டி மண்ணை உதறி, லேசா ஈரமான தேங்கா நார்த்தூள்ல சுத்தி, ஓட்டை போட்ட கவர்ல வச்சு ஃப்ரிட்ஜ்ல காய்கறி வைக்கிற தட்டுல 6லேர்ந்து 8 வாரம் வைங்க, ஃப்ரீசர்ல வேண்டவே வேண்டாம், ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்துலயும் வேண்டாம், அதுல வர்ற எத்திலீன் வாயு துளிரைக் கெடுத்துரும். வாரம் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க, பூஞ்சணம் புடிச்ச இடத்தை வெட்டிருங்க.

மாசி வாக்குல திரும்ப நடும்போது தொட்டியில நடுங்க, ஏன்னா சில்வர் ஓக் வேர் தண்ணி முழுசையும் இழுத்துக்கும். காலை வெயில் ஒரு ரெண்டு மணி நேரம் படலாம், மத்தியான வெயில் பட்டா வெள்ளை ஓரம் கருகிரும். அதுக்காக ஒரேயடியா இருட்டுலயும் வைக்காதீங்க, வெள்ளைப் பகுதியில பச்சையம் இல்லாததால மிச்சமிருக்கிற பச்சைதான் செடிக்கே சோறு ஆக்குது. நடுவுல முழுப் பச்சையா ஒரு துளிர் வந்தா அழகா இருக்குன்னு விட்றாதீங்க, அது வேகமா வளந்து வரி போட்டதை அமுக்கிரும், அடியோட பிரிச்சு எடுத்துருங்க. மழைக்காலத்துல ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் ஓடில்லாத நத்தையைப் பொறுக்குங்க, இலையில ஓட்டை போடுறது பெரும்பாலும் அதுதான்.

வருசா வருசம் இவ்ளோ பாடு முடியாதுன்னா அந்த நிழல்ல மஞ்ச வரி போட்ட ஆல்பினியா வைங்க அக்கா, நம்ம இஞ்சிக் குடும்பம்தான், குளிரே கேக்காது. முன்னாடி வரிசைக்கு ஸ்பைடர் பிளான்ட். கீழ சேலம் டவுன்ல இருக்கிறவங்களுக்கும் நான் சொல்றது இதேதான், அங்க ஹோஸ்டாவுக்குக் காசு போடாதீங்க.